ஹீட் பம்ப் அமைக்கும் கைகளைப் பழக்குதல்

கோடைக்காலத்துப் பிற்பகலில், ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஜவுளிக் கடையின் பின்புறச் சந்து வழியாக நடந்து செல்பவர் எவரும், சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியிலிருந்து புறப்பட்டு முகத்தில் மோதும் அனற்காற்றை அநுபவித்திருப்பார். ஆனால் அந்த அனலின் பெரும்பகுதி கடைக்குள்ளிருந்து அள்ளிக் கொண்டுவந்து வெளியே கொட்டப்பட்ட உஷ்ணமே என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார். அவ்வாறு கொட்டப்படும் உஷ்ணத்தை வீணாக விட்டுவிடாமல், ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள்ளோ, குளிர் தேசத்து வீடொன்றின் தரைக்குள்ளோ செலுத்துவோமாயின், அதே யந்திரத்துக்கு ஹீட் பம்ப் என்ற பெயர் வந்துவிடுகிறது. தமிழில் வெப்ப எக்கி என்ற நல்ல சொல் உண்டு. ஆயினும், இந்த நூல் யாருடைய கைக்காக எழுதப்படுகிறதோ அவர்கள் பட்டறையில் சொல்லும் பெயரையே நாமும் கையாளுவோம்.

விஷயம் நேற்றுத் தோன்றியதன்று. 1938-ஆம் ஆண்டிலேயே சூரிக் நகர மண்டபத்துக்கு, பக்கத்தில் ஓடும் லிம்மட் ஆற்று நீரிலிருந்து உஷ்ணத்தை இறைத்துக் கொடுத்த யந்திரம் ஒன்று அமைக்கப்பட்டது. யுத்தம் முடிந்த 1945-இல், இங்கிலாந்தின் நார்விச் நகரில் ஜான் சம்னர் என்ற பொறியாளர் வென்சம் ஆற்றைக் கொண்டு அதே வித்தையைச் செய்து காட்டினார். சில்லிட்ட ஆற்று நீரிலிருந்து அறைக்குச் சூடு எடுப்பது முதலில் கேட்பவருக்கு ஜாலமாகத் தோன்றும். கிணற்றின் ஆழத்தில் கிடக்கும் நீரை ஏற்றம் மேலே கொண்டுவருவதுபோல, தாழ்ந்த உஷ்ணநிலையில் கிடக்கும் உஷ்ணத்தை யந்திரம் உயர்ந்த உஷ்ணநிலைக்கு ஏற்றுகிறது. ஏற்றுவதற்குரிய கூலிதான் மின்சாரம். கிணறு எவ்வளவு ஆழமோ அவ்வளவு கூலி. இந்த ஒரு வாக்கியத்தை மாணவன் மனத்தில் பதித்துக்கொண்டானானால், பின்னால் வரும் பாடங்களில் பெரும்பாலானவற்றை அவன் தானே ஊகித்துக்கொள்வான்.

கணக்கையும் கரும்பலகையில் போட்டுக் காட்டவேண்டும். ஒரு மாணவர் விடுதியில் தினமும் 1,000 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குச் சூடாக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கெய்சர் வைத்துச் சூடாக்கினால் ஏறக்குறைய 35 யூனிட் மின்சாரம் வேண்டும். செலவழித்த ஒரு யூனிட்டுக்கு மூன்றரை யூனிட் உஷ்ணம் தரும் ஹீட் பம்ப் இருந்தால் 10 யூனிட் போதும். மிச்சம் 25 யூனிட். அதுவும் ஒரே நாளில்.

இவ்வளவு லாபகரமான யந்திரம் உலகெங்கும் தடையின்றிப் பரவியிருக்கவேண்டுமல்லவா? அப்படிப் பரவவில்லை, பரவாமற்போன காரணத்தை ஆராய்வதுதான் இந்த அத்தியாயத்தின் தொடக்கப் பாடம். 1970-களில் எண்ணெய் விலை ஏறியபோது, ஜெர்மனியில் ஜனங்கள் ஹீட் பம்ப்பை ஆவலுடன் வாங்கினர்; 1980-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் விற்பனை உச்சத்துக்குச் சென்றது; அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய இல்லையென்னும் அளவுக்கு விழுந்துவிட்டது. எண்ணெய் விலை மீண்டும் இறங்கியது ஒரு காரணம் என்பதை மறுக்க இயலாது. ஆயினும், கொதிநீர் ஓடுவதற்கென்று அமைந்த பழைய ரேடியேட்டர்களோடு புதிய யந்திரத்தை அப்படியே இணைத்தும், அளவு பாராமல் பெரிய பெட்டியை வாங்கி வைத்தும், பழக்கமற்ற கைகள் செய்த வேலையால் யந்திரத்தின் பெயரே கெட்டுப்போயிற்று என்பதும் உண்மை; கெட்ட பெயர் தீர்வதற்கு ஒரு தலைமுறை ஆயிற்று. அண்டை நாடான சுவிட்சர்லாந்து இதைக் கண்டு வேறு வழியை மேற்கொண்டது. அங்கே 1993-இல் வின்டர்தூர் நகரின் டோஸ் பகுதியில் யந்திரங்களைச் சோதிக்கும் நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அமைப்பவர்களுக்குப் பயிற்சியும், வீடுகளில் ஓடும் யந்திரங்களை ஆண்டுக்கணக்கில் அளந்து பார்க்கும் வழக்கமும் அதனோடு சேர்ந்தே நடந்தன.

பிரிட்டனில் நடந்த பரீட்சை இன்னும் தெளிவானது. அங்கே 83 இடங்களில் அமைந்திருந்த ஹீட் பம்ப்புகளை அளந்து, அதன் முடிவை 2010-இல் வெளியிட்டனர். சில வீடுகளில் செலவழித்த மின்சாரத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேலான உஷ்ணம் கிடைத்தது. சில வீடுகளிலோ ஒன்றரை மடங்குகூடக் கிடைக்கவில்லை. ஒத்த ஜாதி யந்திரங்களுக்குள்ளே இத்தனை பேதம் எங்கிருந்து வந்தது? அமைத்த முறையிலும், அளவு நிர்ணயித்த முறையிலும், வீட்டாருக்கு இயக்கத்தைச் சொல்லிக்கொடுத்த முறையிலும்தான் குறை பெரும்பாலும் இருந்தது என்று கண்டனர். அதன் பிறகே அமைப்புக்குரிய விதிகளைக் கடுமையாக்கினர். தொழிற்சாலையில் யந்திரம் பாதிதான் முடிகிறது. மறுபாதி, அதை மொட்டைமாடிக்குத் தூக்கிச் சென்று பொருத்துகிற மனிதனின் கையில் முடிகிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அந்த மனிதன் யார்? நம் நாட்டில் அவன் ஒருவனல்லன், மூவர். ஏ.சி. மெக்கானிக் காப்பர் குழாயை அறிவான், கம்ப்ரஸரின் ஓசையைக் கொண்டே அதன் நோயைச் சொல்வான். ஆனால் தண்ணீர் அவனுக்கு அந்நியம். பிளம்பர் தண்ணீரை அறிவான். ஆனால் அந்தத் தண்ணீர் எவ்வளவு உஷ்ணத்தைச் சுமக்கிறது என்று கணக்கிட்டுப் பழகியதில்லை. எலக்ட்ரீஷியன் ஒயரையும் எர்த்தையும் அறிவான். மற்ற இரண்டிலும் தலையிடமாட்டான். மூவரும் மூன்று நாட்களில் தனித்தனியே வந்து தத்தம் பங்கை முடித்துச் செல்கின்றனர்; மூன்று பங்கும் சேருமிடத்தில் நின்று பார்ப்பவர் இல்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் குளிர்சாதன மெக்கானிக் பிரிவில் இரண்டாண்டு கற்று வெளிவரும் இளைஞனே இந்த மூன்றையும் இணைப்பதற்கு மிகவும் தகுந்தவன் என்று கருதுகிறேன். அவனுக்குப் புதிதாகக் கற்பிக்கவேண்டியது தண்ணீரும் கட்டடமுமேயாகும். பிரிட்டனில் நிலைமை தலைகீழ். அங்கே இத்தொழிலுக்குள் வருபவர் பெரும்பாலும் எரிவாயுக் கொதிகலன் அமைத்து வந்தவர். தண்ணீரும் ரேடியேட்டரும் அவருக்குக் கைவந்தவை, காப்பர் குழாய்க்குள் ஓடும் கேஸ்தான் புதியது. ஆகவே ஒரு தேசத்துப் பாடத்திட்டத்தை மற்றொரு தேசத்துக்கு அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்தால், தெரிந்ததையே திரும்பக் கற்பித்துத் தெரியாததை விட்டுவிடும் விபரீதம் நேரும். பயிற்சி தொடங்கும் நாளன்று, வந்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் எது தெரியும் என்று கேட்பதோடு நில்லாமல் செய்து காட்டச் சொல்லிப் பார்ப்பது ஆசிரியரின் முதற்கடமை.

முதற்பாடம் யந்திரமன்று, வீடு. பொறுமையற்ற மாணவர்களுக்கு இது ஏமாற்றமளிக்கும். பெட்டியைத் திறந்து பார்க்கவே அவர்கள் வந்திருக்கிறார்கள். ஆயினும் அவர்கள் கையில் அளவுநாடாவைக் கொடுத்துச் சுவரை அளக்கச் சொல்லவேண்டும். உதகை, கொடைக்கானல் போன்ற மலை நகரங்களில், தை மாதத்து இரவொன்றில் வெளியே 5 டிகிரி, உள்ளே 20 டிகிரி வேண்டும் என்று கொள்வோம். 20 சதுர மீட்டர் பரப்புள்ள சாதாரணச் செங்கற்சுவர், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்தில் ஏறக்குறைய 2 வாட் உஷ்ணத்தை வெளியே விட்டுவிடும். ஆக அந்த ஒரு சுவர் மட்டும் 600 வாட் விழுங்குகிறது. அதே சுவருக்கு நல்ல உஷ்ணக் காப்புப் பலகை ஒட்டி அந்த 2 வாட்டை 0.3 வாட்டாகக் குறைத்தால் 90 வாட் போதும். சுவர், கூரை, ஜன்னல், இடுக்கு வழியாக நுழையும் காற்று என்று ஒவ்வொன்றுக்கும் இவ்விதம் கணக்கிட்டுக் கூட்டியபின் வரும் தொகையே யந்திரத்தின் அளவு.

ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரின் கிரானிக்ஸ்டைன் பகுதியில் 1991-இல் குடிபுகுந்த முதல் பாசிவ் ஹவுஸ் வீடுகள் இந்தக் கணக்கின் எல்லையைக் காட்டின. அத்தகைய வீட்டுக்கு ஆண்டு முழுவதற்கும் சதுர மீட்டர் ஒன்றுக்கு 15 யூனிட் உஷ்ணத்துக்கு மேல் தேவைப்படக்கூடாது என்பது பின்னர் விதியாயிற்று. கடுங்குளிரிலும் சதுர மீட்டருக்குச் சுமார் 10 வாட் போதும் என்பதால், 100 சதுர மீட்டர் வீட்டுக்கு 1,000 வாட். நம் குளியலறையில் தொங்கும் ஒரு கெய்சரே 2,000 வாட் உடையது. இதை அறிந்த தொழிலாளி, வீட்டுக்காரர் தலையில் பெரிய யந்திரத்தைக் கட்டமாட்டான். முதலில் கூரையைக் கவனியுங்கள் என்று சொல்வான். தேவைக்கு மேல் பெரிதான யந்திரம் சில நிமிஷம் ஓடி நின்று, மறுபடி ஓடி நின்று, தன் கம்ப்ரஸரைத் தானே தேய்த்துக்கொள்கிறது.

அடுத்தது தண்ணீர். கொதிகலனிலிருந்து புறப்படும் நீர் வீட்டைச் சுற்றித் திரும்புவதற்குள் 20 டிகிரி குளிர்ந்து வருமாறு பழைய அமைப்புகள் கட்டப்பட்டன. ஹீட் பம்ப்பிலோ 5 டிகிரி வித்தியாசமே வழக்கம். வித்தியாசம் நாலில் ஒன்றானால், அதே உஷ்ணத்தைச் சுமக்க நாலு பங்கு நீர் ஓடவேண்டும். எட்டுக் கிலோவாட்டுக்கு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 6 லிட்டர் போதுமாயிருந்த இடத்தில் 23 லிட்டர் வேண்டும். பழைய குழாய் அதற்கு இடங்கொடாது. ரேடியேட்டரும் அப்படியே. சராசரி 70 டிகிரி நீர் ஓடிய ரேடியேட்டரில் 45 டிகிரி நீரை ஓட்டினால், 20 டிகிரி அறைக்கு முன்பு தந்த உஷ்ணத்தில் ஐந்தில் இரண்டு பங்கே தரும். ஆகவே ரேடியேட்டரைப் பெரிதாக்கவேண்டும், அல்லது தரைக்கடியில் குழாய் பரப்பவேண்டும், அல்லது வீட்டின் தேவையைக் குறைக்கவேண்டும். நான்காவது வழி நீரின் சூட்டை ஏற்றுவது. கிணற்றை ஆழமாக்கிக் கூலியை உயர்த்துவதுதான் அது. நீரின் சூட்டை ஒரு டிகிரி குறைத்தால் மின்சாரத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு மிச்சமாகும் என்பது இத்தொழிலில் பொதுவாக வழங்கும் கணக்கு.

ஆனால் குளிக்கும் நீருக்கு இந்தச் சிக்கன புத்தி ஓர் எல்லைக்குமேல் செல்லக்கூடாது. 1976-இல் பிலடெல்பியா நகரத்து ஹோட்டல் ஒன்றில் கூடியிருந்த முன்னாள் படைவீரர்களிடையே பரவி உயிர் குடித்த நிமோனியாவை ஆராய்ந்தபோது, நீரில் வாழும் ஒரு கிருமி கண்டுபிடிக்கப்பட்டு, லெஜியோனெல்லா என்று பெயர் பெற்றது. வெதுவெதுப்பான தேக்க நீரில் அது செழித்து வளரும். 60 டிகிரியில் மடியும். மருத்துவமனைக்கும் விடுதிக்கும் தொட்டி அமைப்பவன், மின்சாரம் மிச்சமாகிறதென்று தொட்டியை 40 டிகிரியில் விட்டுவிட்டால், அவன் மிச்சப்படுத்தியது காசு, பணயம் வைத்தது பிறர் பிராணன். சிக்கனத்தையும் இந்த எச்சரிக்கையையும் ஒரே நாளில், ஒரே பாடமாகக் கற்பிக்கவேண்டும். பிரித்துக் கற்பித்தால் முதலாவது நினைவில் நிற்கும், இரண்டாவது மறந்துபோகும். நம் ஊர்ப் போர்வெல் தண்ணீருக்கு இன்னொரு குணமும் உண்டு. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த அந்த நீர், சூடேறும் தகட்டின்மேல் வெள்ளையாகப் படிந்து கெட்டிப்பட்டு, யந்திரத்துக்கும் நீருக்கும் நடுவே கம்பளிபோல் நின்றுவிடும். அமைப்பதற்கு முன்பே நீரின் கடினத்தைச் சோதிப்பதும், ஆண்டுதோறும் படிவை நீக்குவதற்கு வால்வு வைப்பதும் வெளிநாட்டுப் பாடநூல்களில் ஒரு வரியாகவே இருக்கலாம். இங்கே அவை ஒரு நாள் பாடம்.

மலையூர் ஒன்றின் மருத்துவ விடுதியில் நான் கண்டது இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. காற்றிலிருந்து உஷ்ணம் எடுக்கும் நல்ல யந்திரத்தை, மழைக்குப் பயந்து, மூன்று புறமும் சுவர் எழுந்த ஒரு சிறு அறைக்குள் வைத்துவிட்டார்கள். தான் குளிரவைத்து வெளியேற்றிய காற்றையே அது திரும்பத் திரும்ப உள்ளே இழுத்து, பனிக்கட்டி போர்த்துக்கொண்டு, பனியை உருக்குவதற்கே மின்சாரத்தைச் செலவழித்துக்கொண்டிருந்தது. அமைத்த இளைஞன் சோம்பேறியல்லன். மிகுந்த சிரத்தையோடு பிரேசிங் செய்திருந்தான். யந்திரத்துக்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. எதிர்ப்புறச் சுவரை இடித்தபின் அது நன்றாக ஓடியது.

இனி கேஸ். மெக்கானிக்குகளுக்கு இது தெரிந்த பகுதியென்று ஆசிரியர்கள் விரைந்து கடந்துவிடுகிறார்கள். தெரிந்ததென்று எண்ணும் இடத்தில்தான் தீய பழக்கம் வேரூன்றியிருக்கிறது. குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வாக்குவம் பம்பு வைத்து உறிஞ்சி எடுப்பதற்குப் பதிலாக, கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிடும் வழக்கம் நம் தெருக்களில் சர்வ சாதாரணம். தள்ளிய காற்று முழுவதும் போவதில்லை; ஈரம் போவதே இல்லை; தங்கிய ஈரம் எண்ணெயோடு கலந்து அமிலமாகிக் கம்ப்ரஸரின் ஆயுளைக் குறைக்கும். முறையாவது: பிரேசிங் செய்யும்போது குழாய்க்குள் நைட்ரஜனை மெல்ல ஓடவிட்டு உட்புறம் ஆக்ஸைடு படியாமற் காத்தல், பின்னர் நைட்ரஜனை அழுத்தி நிரப்பி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தல், அதன்பின் 500 மைக்ரானுக்குக் கீழ் வரும்வரை வாக்குவம் இழுத்து, பம்பை நிறுத்தி, முள் ஏறாமல் நிற்கிறதா என்று காத்திருந்து கவனித்தல், கடைசியாகக் கேஸைத் தராசில் நிறுத்து விடுதல். இதில் காத்திருத்தலே கடினமான அப்பியாசம்.

முன்னாளில் இந்த அசிரத்தை யந்திரத்தை மட்டுமே கெடுத்தது. இனி ஆளையும் கெடுக்கும். ஓசோன் படலத்தைச் சிதைக்கும் ஆர்-22 விலகிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பின் வந்த கேஸ்களும் பூமியைச் சூடாக்குவதால், 2016-இல் கிகாலியில் உலக நாடுகள் அவற்றைக் குறைக்க உடன்பட்டன. இந்தியாவும் 2021-இல் அதை உறுதிசெய்து ஏற்றது. புதிதாக வருபவற்றில் ஆர்-32 மெல்ல எரியும். ஆர்-290 என்பது சுத்தமான புரொப்பேன், அதாவது நம் அடுப்பங்கரை சிலிண்டரில் இருக்கும் வாயுவின் உடன்பிறப்பு. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றும். காற்றைவிடக் கனமானதால் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். சமையல் வாயுவில் மணம் சேர்த்திருக்கிறார்கள், கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். யந்திரத்துக்குரிய புரொப்பேனில் அந்த மணம் இல்லை. இதைக் கேட்டபின் எந்த மாணவனும் அதை அறைக்குள் திறந்துவிடத் துணியமாட்டான். கேஸ் சுற்று முழுவதும் தொழிற்சாலையிலேயே மூடி முத்திரையிட்டு, தண்ணீர்க் குழாயை மட்டும் இணைக்கும்படி வரும் யந்திரங்களும் உண்டு. புதிதாகக் கற்றவர்களுக்கு முதல் ஓராண்டு அத்தகையவற்றையே கொடுப்பது உசிதம்.

பயிற்சிக்கூடத்தில் படங்களும் வெட்டிவைத்த கம்ப்ரஸரும் இருந்தால் போதாது. உண்மையாக ஓடும் யந்திரம், உண்மையான தொட்டி, ஓட்டம் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு துண்டு கண்ணாடிக் குழாய், நீரின் ஓட்டத்தையும் போகும் வரும் சூட்டையும் கணக்கிட்டு உஷ்ணத்தைச் சொல்லும் மீட்டர், மின்சார மீட்டர் இவை வேண்டும். ஆசிரியர் முந்திய இரவே வந்து, ஒரு நாள் வடிகட்டியை அடைத்து, ஒரு நாள் குழாயில் காற்றைத் தங்கவிட்டு, ஒரு நாள் சூடறியும் சென்சாரை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போகவேண்டும். காலையில் வரும் மாணவர்கள் மீட்டர்களைப் பார்த்துக் குறையைக் கண்டுபிடிக்கட்டும். ஓர் ஆசிரியருக்கு ஆறு பேருக்குமேல் வேண்டாம். பொறுமையும் அளவுத் துல்லியமும் பலத்தைவிட அதிகம் வேண்டப்படும் இத்தொழிலுக்குப் பெண்களை அழைக்காமலிருப்பது பெருநஷ்டம். அந்த ஆறு பேரில் அவர்களும் இருக்கட்டும்.

இவ்வளவும் கற்று வெளியே செல்லும் தொழிலாளிக்கு, ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்போமாயின், கற்பித்ததனைத்தும் ஒரே மாதத்தில் பாழாகும். ஒரு நாளில் மூன்று பெட்டி மாட்டினால்தான் வீட்டில் அடுப்பெரியும் என்ற நிலையில் உள்ளவனிடம், வாக்குவம் முள்ளைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் உட்காரச் சொல்வது நியாயமாகாது. ஒப்பந்தக்காரர்கள் இதை உணர்ந்து, வேலைக்குரிய நேரத்துக்குக் கூலி தரவேண்டும். கட்டடத்துக்குச் சொந்தக்காரர்களும், மிகக் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை கொடுப்பதென்ற வழக்கத்தை விட்டு, வாக்குவம் அளவும் கேஸின் எடையும் எழுதிய தாளைக் கேட்டு வாங்கவேண்டும். 2019-இல் வெளியான இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம், பராமரிப்புத் துறையில் ஒரு லட்சம் தொழிலாளருக்குப் பயிற்சியும் சான்றும் அளிப்பதை லட்சியமாகக் கூறிற்று. எண்ணிக்கை அவசியந்தான், அந்த ஒரு லட்சம் பேரும் கற்றபடி வேலை செய்ய இடங்கொடுக்கும் கூலி முறை அதைவிட அவசியம்.

பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை. கேள்வித்தாளுக்கு விடை எழுதியதும் சான்றிதழ் கொடுப்பதை நான் ஆதரிக்கவில்லை. மாணவன் ஓர் உண்மையான கட்டடத்தில் தன் கையால் ஒரு ஹீட் பம்ப் அமைக்கட்டும். அந்தக் கட்டடத்தில் இருக்கும் காவலாளிக்கோ சமையற்காரருக்கோ அதை இயக்கும் முறையை அவர்கள் பேசும் தமிழிலேயே சொல்லிக்கொடுக்கட்டும். ஒரு மாதம் கழித்துத் திரும்பிச் சென்று இரண்டு மீட்டர்களையும் படித்து வரட்டும். உஷ்ணம் மின்சாரத்தைப்போல் மூன்று மடங்கு இருந்தால் அவன் தேறினான். குறைந்தால், ஆசிரியர் அவனுடன் அங்கே போய்க் காரணத்தைக் கண்டுபிடிக்கவேண்டும்; அன்று அவன் கற்பது, அதுவரை கற்ற அனைத்தையும்விட மேலானதாக இருக்கும். ஆகையால், இப்பயிற்சியைத் தொடங்க எண்ணும் அன்பர்கள், சான்றிதழ்களை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்பாக, அந்த இரண்டு மீட்டர்களையும் வாங்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.